ஹஸ்பல்லா வீட்டுக்காரி வீடு

பிளாங் ரம்புங்
4 ஜூன் 2006

பௌசியாவின் வாப்பாவுக்கு,

சலாம். இங்கே எல்லாரும் சுகம். நீங்களும் சுகமாக இருப்பதாக மலேசியா போய் வந்தவர்கள் சொன்னார்கள், அதனால் கேட்கவில்லை.

ஐந்து வருஷமாக எழுதாதவள் இப்போது எழுதுகிறாளே என்று நினைக்க வேண்டாம். வீட்டுக்கு ஒரு வம்பு வந்திருக்கிறது. உங்கள் கையெழுத்து வேண்டும். இந்தக் கடிதத்தில் அதைத் தவிர வேறு எதுவும் இல்லை.

அச்சேயில் சண்டை ஓய்ந்து சமாதானம் வந்து பத்து மாதம் ஆகிறது. இப்போது ஊர் ஊராக மனையை அளந்து பட்டா கொடுக்கிறார்கள். நம் ஊருக்கு ஜாவாவிலிருந்து ஒரு அதிகாரிப் பெண் வந்தாள். சின்ன வயசு, மரியாதை தெரிந்தவள், ஆனால் நம் பேச்சு ஒரு வார்த்தை தெரியாது. அவள் வந்த அன்று நான் நடவு வயலில் இருந்தேன். நம் படிக்கட்டுக்குக் கீழே நின்றுகொண்டு, பாக்கு வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த தர்விஸிடம் கேட்டிருக்கிறாள்.

"இது யார் வீடு?"

"ஹஸ்பல்லா வீட்டுக்காரி வீடு."

தர்விஸ் சொன்னதில் தப்பே இல்லை. பெண்டாட்டியை வீட்டுக்காரி என்றுதானே சொல்கிறோம். அந்தப் பெண் விடாமல், "வீட்டுக்காரின்னா என்னங்க அர்த்தம்?" என்று கேட்க, இந்த மனுஷனும் அவளுக்குப் புரிகிற மலாய் மொழியில் அழகாக, "வீட்டுக்குச் சொந்தக்காரங்கம்மா" என்றிருக்கிறான். அவள் எழுதிக்கொண்டாள்: ஹஸ்பல்லா, வீட்டுக்குச் சொந்தக்காரர்.

ஜூன் முதல் தேதி தொழுகைப் பள்ளிச் சுவரில் பட்டியல் ஒட்டிவிட்டார்கள். எல்லாரும் கூடி நின்று படித்தார்கள். நானும் படித்தேன். ஐந்தாவது வரைதான் என்றாலும் எனக்குப் படிக்கத் தெரியும். அறுபது நாளுக்குள் சரி செய்யாவிட்டால் உங்கள் பெயரிலேயே பட்டா ஆகிவிடும். நான் ஊர்த்தலைவரிடம் போனேன். "புருஷன் கையெழுத்து இல்லாம மாத்த முடியாதுக்கா" என்கிறார்.

இந்த வீட்டை என் கல்யாணத்தில் என் அம்மா எனக்குக் கொடுத்தாள். அவளுக்கு அவள் அம்மா கொடுத்தது. நாளைக்குப் பௌசியாவுக்கு. உங்கள் பெயரில் ஆகிவிட்டால் உங்களுக்குப் பின்னால் சட்டப்படி உங்கள் தம்பி ரசாலிக்கும் பங்கு வரும். பட்டியல் ஒட்டிய மறுநாளே அவர் வந்து பாக்கு மரங்களை எண்ணிவிட்டுப் போனார். "அண்ணன் வீடுன்னா எங்க வீடும்தானே அண்ணி" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

'அந்த வீடு என்னுடையது அல்ல, என் மனைவியுடையது' என்று எழுதி, இரண்டு சாட்சி வைத்து, அங்குள்ள இமாமின் முத்திரையோடு அனுப்புங்கள்.

பேத்தி சஃபீராவுக்கு ஐந்து வயது ஆகப்போகிறது. உங்கள் மூக்கு.

ஹிந்தோன்


யான், கெடா
15 ஜூன் 2006

வீட்டுக்காரிக்கு,

வஅலைக்கும் சலாம். கடிதத்தைத் தோட்டத்தில் வைத்து இரண்டு தடவை படித்தேன். டுரியான் பழம் விழுகிற காலம், மரத்தடியில் நின்று படிக்கக் கூடாது என்று தோட்டக்காரர் சத்தம் போட்டார். தலையில் ஒன்று விழுந்திருந்தால் பட்டா வேலை உனக்குச் சுலபமாக முடிந்திருக்கும் என்று நினைத்தேன், பிறகுதான் ரசாலி ஞாபகம் வந்தது.

உன் எழுத்து மாறவே இல்லை. ஒவ்வொரு எழுத்தையும் நாற்று நடுகிற மாதிரி இடம் விட்டு வைக்கிறாய்.

கையெழுத்துதானே, போட்டுவிடலாம். ஆனால் அவசரம் என்ன? இன்னும் நாற்பத்தைந்து நாள் இருக்கிறதே. இருபத்தேழு வருஷம் அந்த வீட்டில் விருந்தாளியாக இருந்தேன். கல்யாணத்தன்று என் அம்மா படிக்கட்டு வரை வந்து சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "மகனே, மாமியார் வீட்டுச் சட்டிய நீயா தெறந்து பாக்காத. போட்டதச் சாப்பிடு." அப்படியே இருந்தேன். உப்பு எந்தப் பானையில் இருக்கிறதென்று எனக்கு இன்றுவரை தெரியாது. பின்கட்டுக்கு வரும்போதெல்லாம் இருமிவிட்டுத்தான் வருவேன். உன் அம்மா, "நம்ம மாப்பிள்ளைக்கு எப்பவும் சளி" என்பார்கள்.

இப்போது அரசாங்கமே கூப்பிட்டு, ஹஸ்பல்லா, நீதான் சொந்தக்காரன் என்கிறது. கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகிறேனே. நேற்று இங்கே டீக்கடையில் சொன்னேன், எல்லாரும் கை கொடுத்தார்கள்.

நான் இருப்பது சிமெண்டு அறை, தகரக் கூரை. மழை பெய்தால் பக்கத்தில் இருப்பவன் பேசுவது கேட்காது. நம் வீட்டில் மழை பெய்தால் ஓலை அதைக் குடித்துவிட்டு, ரொம்ப நேரம் கழித்து விளிம்பிலிருந்து சொட்டும். மழை நின்று குழந்தைகள் விளையாடப் போன பிறகும் வீடு சொட்டிக்கொண்டே இருக்கும். கீழே, வீட்டைத் தாங்கும் தூண்களுக்கு நடுவே நீயும் தர்விஸ் வீட்டுக்காரி சல்பியாவும் நெல் குத்துவீர்கள். முன்கூடத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்குப் பலகை வழியாக உலக்கைச் சத்தம் முதுகில் ஏறும். அந்தத் தூக்கம் எனக்கு வேறெங்கும் வரவில்லை.

சஃபீராவின் படம் ஒன்று அனுப்பு. மூக்கைச் சரிபார்க்க வேண்டும்.

ஹஸ்பல்லா


பிளாங் ரம்புங்
24 ஜூன் 2006

பௌசியாவின் வாப்பாவுக்கு,

வீடு போகப்போகிறது என்று நான் எழுதினால், நீங்கள் டீக்கடையில் கை குலுக்கிக்கொண்டிருக்கிறீர்கள். நல்லது.

திங்கட்கிழமை ரசாலி ஒரு ஆளைக் கூட்டிவந்தார். அந்த ஆள் படிக்கட்டில் செருப்போடு ஏறினான். தண்ணீர்ச் சாடி பக்கத்திலேயே இருக்கிறது, காலைக் கழுவவில்லை. தாழ்ந்த வாசலில் குனியாமல் நுழைந்து தலையை இடித்துக்கொண்டான், அதுதான் எனக்கு ஒரே ஆறுதல். கூடத்தின் நீளத்தைக் காலடியால் அளந்தான். பௌசியா, "சித்தப்பா, இவர் யாரு?" என்று கேட்டதற்கு, "மரம் பாக்க வந்தவர்மா. பழைய மரத்துக்கு மேடான் டவுன்ல நல்ல கிராக்கி" என்றார். நம் வீட்டில் ஆணி கிடையாது, முளைகளைத் தட்டிக் கழற்றினால் ஒரு லாரியில் ஏறிவிடும் என்பது அவருக்குத் தெரியாதா?

விருந்தாளி, விருந்தாளி என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வார்த்தையைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறீர்கள். சரி, நானே எழுதுகிறேன்.

தர்விஸ் வீடு எரிந்த அன்று நான் வயலுக்கு அந்தப் பக்கம் அக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். புகையைப் பார்த்து ஓடிவந்தேன். வந்து பார்த்தால் என் வீட்டுக்குள் நின்றால் வானம் தெரிகிறது. கூரை இரண்டு பக்கமும் சரிந்து தரையில் கிடக்கிறது. நீங்கள் கத்தியோடு நிற்கிறீர்கள். காற்று வயல் பக்கம் திரும்பிவிட்டது, ஒரு பொறிகூட நம் பக்கம் வரவில்லை என்று ஊரே சொன்னது. தீ வந்தால் அறுத்துக் கூரையைத் தள்ளுவதற்குத்தான் கூரைக் கயிறு, ஆனால் அதை வீட்டுக்காரி சொல் இல்லாமல் யாரும் அறுக்கக் கூடாது என்பது என் பாட்டி காலத்து முறை. இரண்டு நாள் பருவமில்லாத மழை. அம்மாவின் ஜரிகைத் திரை, கல்யாண மெத்தை, குதிரில் இருந்த நெல், எல்லாம் நனைந்தது. நெல் முளைத்துவிட்டது.

அப்போதுதான் எல்லார் முன்னாலும் சொன்னேன்: "வந்து தங்குன விருந்தாளிக்கு என்ன வலி? அவன் வீடா இருந்தா அறுத்திருப்பானா?"

சொன்னேன். இல்லை என்று சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து நீங்கள் பஸ் ஏறினீர்கள்.

படம் அனுப்புகிறேன். கையெழுத்தை அனுப்புங்கள்.

ஹிந்தோன்


யான்
4 ஜூலை 2006

ஹிந்தோனுக்கு,

நீ எழுதியது நீ பார்த்தது. நீ வருவதற்கு முன்னால் நடந்ததை ஐந்து வருஷத்தில் நீ ஒரு தடவையும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இப்போது கேள்.

மாலை அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடித்த நேரம். லாரியில் வந்தார்கள். யார் லாரி என்று எழுத மாட்டேன். அந்த நாட்களில் யாரும் சொல்லவில்லை, இப்போது சொல்லி என்ன? தர்விஸ் வீட்டில் தீ வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். நம் படிக்கட்டு அந்தப் பக்கம் என்பது உனக்குத் தெரியும். படியில் கால் வைக்க முடியாத அனல். உள்ளே பௌசியா, ஏழு மாத வயிறு. எட்டடி உயரத்திலிருந்து அவளை எப்படி இறக்குவது? நான் ஒருவன்தான்.

கூரை முகட்டில் ஒரு பொறி உட்கார்ந்ததைப் பார்த்தேன். பெரிதாக இல்லை, ஒரு கிராம்புப் பூ அளவு. உட்கார்ந்து, ஓலைக்குள் நுழைந்தது. முறை எனக்கும் தெரியும். வயல் பக்கம் திரும்பி மூன்று தடவை உன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். பௌசியாவைக் கேள். பதில் இல்லை. அறுத்தேன். கூரை சரிந்த சத்தம் யாரோ பெரிதாக மூச்சு விட்ட மாதிரி இருந்தது.

பிறகு காற்று திரும்பியது. பொறியை வேறு யாரும் பார்க்கவில்லை. பௌசியாவும் பார்க்கவில்லை. நீ அந்தச் சொல்லைச் சொன்னபோது எனக்கு வந்தது கோபம் இல்லை. நான் உண்மையிலேயே பார்த்தேனா என்று சந்தேகம் வந்தது. இங்கே தோட்டத்தில் குப்பை எரிக்கும்போதெல்லாம் பொறி எப்படிப் பறக்கிறது, எங்கே உட்காருகிறது என்று பார்த்துக்கொண்டு நிற்பேன். "அச்சேக்காரருக்கு நெருப்புன்னா பிரியம்" என்று இங்கே கேலி செய்வார்கள். ஐந்து வருஷமாக நான் செய்த வேலை அதுதான்.

ஆகவே கையெழுத்து இல்லை. பிடிவாதம் என்று நினைக்காதே, கணக்கு நேராக இருக்கிறது. நான் விருந்தாளி என்றால், அடுத்தவர் வீட்டை எழுதிக் கொடுக்க விருந்தாளிக்கு என்ன பாத்தியதை? என் கையெழுத்து செல்லும் என்றால், அன்று கயிற்றை அறுத்த கையும் செல்லும். இரண்டில் ஒன்றை நீ எழுது.

படம் வந்தது. மூக்கு என்னுடையதுதான். பாவம் குழந்தை.

ஹஸ்பல்லா


பிளாங் ரம்புங்
13 ஜூலை 2006

பௌசியாவின் வாப்பாவுக்கு,

இன்னும் பதினேழு நாள். இந்தக் கடிதம் போய்ச் சேர எட்டு நாள். நேரம் இல்லை என்பதால் இதை எழுதவில்லை. கையெழுத்துப் போட்டாலும் போடாவிட்டாலும் இதை எழுதியாக வேண்டும்.

பொறி விழுந்தது. நீங்கள் பார்த்தது சரி.

மழை விட்ட மறுநாள், கீழே கிடந்த ஓலையில் தேறுவதைப் பிரித்தெடுக்கலாம் என்று நானும் சல்பியாவும் இறங்கினோம். சல்பியா தன் எரிந்த வீட்டைப் பார்க்கப் போன நேரம், வடக்குச் சரிவு ஓலை ஒன்றைப் புரட்டினேன். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அடியில் கறுப்பு. இரண்டு கை அகலம் உள்ளுக்குள்ளேயே தின்றுகொண்டு போயிருந்தது. தரையில் விழுந்ததாலும் மழையாலும் அணைந்திருக்கிறது. மேலே இருந்திருந்தால் முகடு முழுக்கப் பிடித்திருக்கும். கீழே பௌசியா.

அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அப்போது நீங்கள் ஊரில்தான் இருந்தீர்கள். தர்விஸ் போட்ட கீற்றுக் கொட்டகையில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மூங்கில் சீவிக்கொண்டிருந்தீர்கள். நடுவில் ஒரு வரிசைப் பாக்கு மரம். பத்து அடி இருக்காது. நான் நடக்கவில்லை. ஊருக்கு முன்னால் சொன்னதை எப்படித் திரும்ப எடுப்பேன் என்று தோன்றியது. ஹிந்தோன் சொன்னால் சொன்னதுதான் என்று பெயர் வாங்கியவள். அந்த ஓலையைக் கொண்டுபோய் எருமை புரளும் சேற்றில் மிதித்து அமுக்கினேன். அடுத்த நாள் நீங்கள் பஸ் ஏறினீர்கள். வளைவு திரும்பும்வரை பஸ் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து இந்த வீட்டில் நான் நன்றாகத் தூங்கியதில்லை. ராணுவம் வரும் என்ற பயத்தில்தான் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டேன். பிறகு சமாதானம் வந்தது. கடைகள் மக்ரிபுக்குப் பின், இருட்டிய பிறகும் திறந்திருக்கின்றன, பெண்கள் ஊர்க் குளத்துக்குத் தனியாகப் போகிறார்கள். எனக்குத் தூக்கம் மட்டும் வரவில்லை.

எல்லார் முன்னாலும் சொன்னதை எல்லார் முன்னாலும்தான் எடுக்க வேண்டும். நேற்று மதியத் தொழுகை முடிந்து ஆண்கள் இறங்கும்போது பள்ளி முற்றத்தில் நின்றேன். ஊர்த்தலைவர், "என்னக்கா, பட்டா விஷயமா?" என்றார். இல்லை என்று சொல்லிவிட்டு, ஓலையைப் பற்றிச் சொன்னேன். "ஹஸ்பல்லா அறுத்ததாலதான் எம் மக இருக்கா, பேத்தி இருக்கா. நான் தெரிஞ்சும் மறைச்சேன்" என்றேன். ரசாலி செருப்பைத் தேடுவது போல் குனிந்துகொண்டார்.

சல்பியாதான் வீடு வரை கூட வந்தாள். "அஞ்சு வருஷம் இத உள்ள வச்சிருந்தியாடி? எனக்கு ஒரு நாள் ரகசியம் வச்சிருந்தாலே வயிறு உப்பிடும்" என்றாள். பிறகு, "எங்க வீடு எரிஞ்சதுக்கு அழுததவிட, அவர் எங்க கொட்டாயில உக்காந்து சோறு தின்னதுக்குத்தான் நான் அழுதேன்" என்றாள்.

இரண்டில் ஒன்றை எழுதச் சொன்னீர்கள். எழுதிவிட்டேன்.

ஹிந்தோன்


யான்
21 ஜூலை 2006

ஹிந்தோனுக்கு,

காகிதம் இத்துடன் இருக்கிறது. தபாலை நம்பவில்லை. பினாங்கிலிருந்து நாளை மேடானுக்குக் கப்பல் ஏறுகிற துணி வியாபாரி ஒருவர் கையில் கொடுக்கிறேன், நேரே ஊர்த்தலைவர் வீட்டுக்கு வந்து தருவார். இமாமும் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரும் சாட்சி. நான் முதலில், 'இது என் வீட்டுக்காரியின் வீடு' என்று எழுதினேன். இமாம் படித்துவிட்டு, "இப்படி எழுதித்தானே அங்க வம்பாச்சு? பேரப் போடுய்யா" என்று கிழித்துப் போட்டார். இரண்டாவது தடவை உன் பெயரை முழுதாக எழுதினேன். உன் வாப்பா பெயரோடு. இத்தனை வருஷத்தில் உன் முழுப் பெயரை நான் எழுதியது நிக்காஹ் அன்றும் இன்றும்தான்.

உன் கடிதத்தைப் பற்றி நிறைய எழுத நினைத்து உட்கார்ந்தேன். வரவில்லை. பொறி விழுந்தது என்று எழுதியிருக்கிற இடத்திற்கு வந்து நின்று, அதற்குமேல் படிக்க முடியாமல், கூடையைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தேன். தோட்டக்காரர் வந்து, "ஊர்ல யாராச்சும் மௌத்தா போயிட்டாங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். நல்ல செய்தியா என்றார். கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கூடையைத் தூக்கினேன்.

கோபம் இல்லை என்று எழுதினால் பொய். அந்தப் பத்து அடியை நீ நடந்திருக்கலாம். நானும் திரும்பிப் பார்த்திருக்கலாம். மூங்கிலை அவ்வளவு மெல்லியதாகச் சீவ வேண்டிய தேவை அன்று எதுவும் இல்லை. நீ பின்னால் நிற்பது எனக்குத் தெரியும்.

டுரியான் காலம் இந்த மாதத்தோடு முடிகிறது. அதன்பின் என்ன என்று யோசிக்கவில்லை. தன் காலாலேயே இறங்கிப் போனவன் எந்த முகத்தோடு படி ஏறுவான் என்பது எனக்குத் தெரியாத விஷயம்.

ஹஸ்பல்லா


பிளாங் ரம்புங்
2 ஆகஸ்ட் 2006

பௌசியாவின் வாப்பாவுக்கு,

துணி வியாபாரி இருபத்தெட்டாம் தேதி மதியம் வந்து சேர்ந்தார். வாத்து அறுத்துக் குழம்பு வைத்துப் போட்டேன். இரண்டு நாள் மிச்சம் இருக்கும்போது காகிதம் ஆபீஸுக்குப் போனது.

நேற்று அந்த ஜாவாப் பெண்ணே வந்தாள். இந்தத் தடவை கீழேயே காலைக் கழுவிவிட்டு, வாசலில் நன்றாகக் குனிந்து வந்தாள். யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஊர்த்தலைவரும் கூட இருந்தார். பழைய பெயரை அடித்து, என் பெயரை எழுதி, சரியா பாருங்கம்மா என்று காட்டினாள். ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது, சேர்க்கச் சொன்னேன். ரசாலி அந்தப் பக்கமே வரவில்லை. மேடான் ஆளும் வரவில்லை. ஆக வீடு தப்பிவிட்டது.

எல்லாம் முடிந்தது என்று காப்பி வைக்க எழுந்தேன். அவள், "ஒரு நிமிஷம், இன்னும் ஒரு கட்டம் இருக்கு" என்றாள். கணவர் பெயர் கேட்டாள், சொன்னேன். வயது கேட்டாள், சொன்னேன். பிறகு பேனாவை வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"கணவர் இந்த வீட்டுல குடியிருக்காரா, இல்லையா?"

ஊர்த்தலைவர் கூரையைப் பார்த்தார். பௌசியா சஃபீராவின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். அந்தக் கட்டம் சின்னதுதான், ஒரு சொல் எழுதத்தான் இடம் இருந்தது.

"குடியிருக்கார்" என்றேன்.

"இப்ப எங்கம்மா?"

"வேலையா வெளிய போயிருக்கார். வந்துடுவார்."

எழுதிக்கொண்டாள். செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி முத்திரை போட்ட பட்டாவோடு வருவாளாம். கணவரும் மனைவியும் இருவரும் அவள் முன்னால் இருக்க வேண்டுமாம்.

அந்த மோசமான வருஷங்களில் எங்களை வரிசையில் நிற்கவைத்து என்னென்னவோ கேட்டார்கள். அப்போதெல்லாம் வாயை மூடிக்கொண்டு நின்றேனே தவிர, நான் பொய் சொன்னதில்லை. இந்த வயதில், ஊர்த்தலைவர் சாட்சியாக, அரசாங்கத் தாளில் ஒரு பொய்யை எழுதவைத்திருக்கிறேன்.

பன்னிரண்டாம் தேதிக்குள் நீங்கள் வந்து அதை உண்மையாக்கிவிடுங்கள்.

ஹிந்தோன்